பட்டியலில் வராதவள்

டை அடித்துக்கொண்டால் அரை மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். நாகரத்தினத்துக்கு ஆகாத காரியம் அது ஒன்றுதான். கை சும்மா இருந்தால் மனசு சும்மா இருக்குமா? வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, பழைய நைட்டி, கழுத்தைச் சுற்றிக் கிழிந்த துண்டு, நெற்றியோரம் கறை பிடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் என்று அவளைத் தயார் பண்ணித் தலை முழுக்கக் கறுப்பை அப்பிவிட்டுத் தங்கச்சி கனகமணி இப்போதுதான் போனாள். போகிறவள் பேசாமல் போயிருக்கக் கூடாதா? பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே, வெங்காயம் என்ன விலை விற்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்: "அக்கா, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்காத. வினோ எனக்கும் அந்த எச்சி துப்பற டப்பாவ அனுப்புனா. ரெண்டு மாசமிருக்கும். ரெண்டா வாங்குனா வெல கம்மின்னு ரெண்டு வாங்குனாளாம். அம்மாகிட்டச் சொல்லாதீங்க சித்தி, சர்ப்ரைஸ்னா." "துப்புனியா?" என்றாள் நாகரத்தினம். "துப்பாம? சக்கரை மாத்திரை சாப்பிடறவங்க துப்புனா சாம்பிளு கெட்டுப்போயிரும்னு நீ சொன்னியே, அதெல்லாம் ஒண்ணுமில்லையாமா. ரிசல்ட்டு போன வாரமே வந்துருச்சு. என்னடி வந்துதுன்னு கேட்டா, நேர்ல வந்து சொல்றேன் சித்திங்கறா. கள்ளி!" சிரித்துக்கொண்டே, மல்லித்தழை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று கேட்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

கேட் சாத்தின சத்தம் இன்னும் காதிலேயே இருந்தது. நேரில் வந்து சொல்கிறேன் என்றால் இன்றைக்குத்தான். மெல்போர்னில் ஏறி சிங்கப்பூரில் மாறி இந்நேரம் வினோதினி பீளமேடு ஏர்போர்ட்டில் இறங்கியிருப்பாள். சென்னியப்பன் காரை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விட்டார், மகள் வருகிறாள் என்றால் அந்த மனுஷனுக்குக் கால் தரையில் நிற்காது. அஞ்சு மாச வயிற்றோடு எதற்கடி இப்போது வருகிறாய், மாப்பிள்ளை கூட இல்லாமல் என்று போனில் கேட்டதற்கு, "சும்மாதாம்மா, உன்னப் பாக்கோணும் போல இருந்துச்சு" என்றாள். அந்தச் சும்மா அன்றைக்கே உறுத்தியது. சும்மா என்கிற சொல்லை வினோ சும்மா சொல்ல மாட்டாள். சின்னப் பிள்ளையில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு வந்து நிற்கும்போதும் சும்மாதான், காலேஜில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வந்து சொல்லாமல் சமையல்கட்டையே சுற்றிச் சுற்றி வந்தபோதும் சும்மாதான். அப்போதெல்லாம் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள் நாகரத்தினம். பெற்ற வயிற்றுக்குத் தெரியாதா என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், இவளும் ஆமாம் என்று தலையை ஆட்டுவாள். பெற்ற வயிறு! ஐயோ, அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டும். வினோதினி அவள் வயிற்றில் பிறந்தவள் இல்லை. இது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர்: அவள், அவள் புருஷன், கனகமணி. நாலாவதாக ஒருத்தி இப்போது காரில் வந்துகொண்டிருக்கிறாளோ என்னவோ.

தலை லேசாக அரித்தது. கை வைக்கக் கூடாது. ஷோலாப்பூரில் இப்படித்தான் வெயில், பன்னிரண்டு மணிக்குத் தரையில் கால் வைக்க முடியாது. மில்லில் சென்னியப்பனுக்கு வேலை, இரண்டு வருஷம் அங்கே. ஊரில் பத்து வருஷமாக எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள், அங்கே யாரும் பார்க்கவில்லை, அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது. அப்புறம் அந்த இல்லம், வெள்ளைச் சுவர், வரிசையாகத் தொட்டில். மூன்றாவது தொட்டிலில் இருந்தது இவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விடமாட்டேன் என்றால் விடமாட்டேன் என்று பிடித்தது, நான் என்ன பண்ணட்டும்? கோர்ட்டு, கையெழுத்து, எல்லாம் முறைப்படிதான், ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. ஒளிவுமறைவெல்லாம் கோயமுத்தூர் ஸ்டேஷனில் ரயிலைவிட்டு இறங்கினபோதுதான் ஆரம்பித்தது. மாமியார் ஓடிவந்து குழந்தையை வாங்கி, "அப்படியே எம் மகன் மூக்கு!" என்றாள். அந்த ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அன்றைக்குத் திறக்காத வாயை அப்புறம் எங்கே திறப்பது? அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் குழந்தையைத் தன் ரத்தத்தோடு முடிச்சுப் போட்டாள். நடை உன் தாத்தா நடை, கோபம் உன் பெரிய மாமன் கோபம். முக்கியமாகச் சக்கரை. "நம்ம குடும்பத்துல எல்லாத்துக்கும் சக்கரை, கண்ணு. உனக்கும் வரும். இனிப்புப் பக்கமே போகக் கூடாது." தீபாவளிக்கு ஊரே மைசூர்பாகைத் தின்ன, இந்தக் குழந்தை முறுக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பிறந்தநாள் கேக்கை எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொள்ளும். நக்கிக்கூடப் பார்க்காது. அதைப் பார்த்து நாகரத்தினத்துக்குப் பெருமையாக இருக்கும். என் குழந்தை, எனக்கு வர்ற வியாதிதானே அவளுக்கும் வரும் என்று. பெருமையாம், பெருமை! இப்போது நினைத்தால் தன்னையே ஒரு அறை விட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்படியே போயிருக்கும். ரெண்டு வருஷத்துக்கு முந்தின பொங்கலுக்கு வினோ அந்த டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வராமலிருந்தால் போயிருக்கும். எச்சிலைத் துப்பி அனுப்பினால் உலகம் பூராவும் யாரார் சொந்தம் என்று காட்டுமாம், நம் வம்சத்தை எழுதலாமாம். மெல்போர்னில் நோய்நொடிக் கணக்குப் பார்க்கிற வேலை வினோவுக்கு, அங்கே யாரோ கிளப்பிவிட்ட ஆசை. கூடத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு குப்பியில் துப்பினார்கள். நாகரத்தினம், வினோ, கனகமணியின் மகள் மேகலா. சென்னியப்பன், நான் யாருக்காகவும் துப்ப மாட்டேன் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார், நல்லவேளை. கனகமணியை மாத்திரைக் கதை சொல்லி இவளே தடுத்துவிட்டாள், தனக்கு அப்போது மாத்திரை இல்லாமல் பத்தியம் மட்டும் என்பது வசதியாகப் போயிற்று. "நம்பரெல்லாம் நீயே போட்டு ரிஜிஸ்டர் பண்ணும்மா, கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு வினோ அன்று சாயங்காலமே பிளேன் ஏறிவிட்டாள். அடுத்த நாள் காலையில், இதோ பக்கத்திலிருக்கிற பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு, மேகலா குப்பியின் நம்பரை வினோ பேருக்குப் பதிந்தாள். வினோவின் குப்பியைப் பழைய பேப்பரில் சுற்றி, குப்பை வண்டிக்காரம்மா வரும் வரைக்கும் கேட்டில் காத்திருந்து தன் கையாலேயே போட்டாள். உன் சாம்பிள் கெட்டுவிட்டதாம் என்று மேகலாவிடம் சொன்னாள், அவள் போனால் போகிறது என்றுவிட்டாள். இதில் நாகரத்தினத்துக்குத் துளி சந்தேகம் வரவில்லை. தங்கச்சி மகள் என்றால் என் மகள். மேகலா பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவளைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், காதுகுத்துக்கும் சடங்குக்கும் அம்மா நிற்க வேண்டிய இடத்தில் இவளும் நின்றிருக்கிறாள். ஒரே வயிற்றில் வந்த அக்கா தங்கச்சி, ஒரே ரத்தம். மெஷினுக்கு மட்டும் அது தெரியாமலா போகும்? மகள் என்று காட்டும் என்றுதான் நம்பினாள்.

மெஷினுக்குத் தெரியவில்லை. சென்டிமார்கன் என்று ஒரு அளவு, இரண்டு பேருக்கும் எவ்வளவு ரத்தம் பொதுவோ அதற்கு ஏற்ற எண். அம்மாவுக்கும் மகளுக்கும் வர வேண்டியதில் பாதிதான் வந்தது. வினோ போன் பண்ணினாள், சிரித்துக்கொண்டுதான் பேசினாள். "அம்மா, இதுல நீ எனக்குப் பெரியம்மான்னு வருது!" சமையல்கட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மான்னா யாரு? அம்மாதானே!" என்றாள் இவள். அப்புறம் எங்கிருந்து வந்ததோ அந்த யோசனை, "நம்ம சனம் மாமன் மகளையும் அத்தை மகனையும் மாத்தி மாத்திக் கட்டிக்கிட்டதுல கம்ப்யூட்டரே கொழம்பிப்போச்சு சாமி" என்றாள். "இருக்கும்மா" என்றாள் வினோ. அந்த இருக்கும்மா! அன்றிலிருந்து இரண்டு வருஷம், இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற நிமிஷம் வரைக்கும், அந்த ஒரு சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஏனென்றால் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது, சொந்தத்திலேயே கட்டிக்கொண்டால் எண் ஏறும், ஏறத்தான் செய்யும், பாதியாகக் குறையாது. இவள் சொன்ன சாக்கு தலைகீழ். எண்ணோடு பிழைக்கிற பெண்ணுக்கு அது தெரிந்திருக்காதா? தெரிந்துமா இருக்கும்மா என்றாள்? தெரிந்துதான் சொன்னாளா?

அதனால்தான் காவலுக்கு உட்கார்ந்தாள். வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு அது பொழுதுபோக்கு. அறுபது வயசில் என்னமாய்க் கத்துக்கொண்டாள் என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள், கல்யாண வீடுகளில் டி.என்.ஏ. அக்கா என்று பேர். பட்டியலில் வருகிற ஒவ்வொரு பேருக்கும் ஒரு புள்ளி, அப்பா வழி என்றால் பச்சை, அம்மா வழி என்றால் மஞ்சள். டர்பனில் ஒருத்தர், ஈப்போவில் ஒரு டீச்சர், யார் யாருக்கு எந்தத் தாத்தா பொது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். சிவப்பை மட்டும் எடுத்து வைத்திருந்தாள், யாருக்கும் போட்டதில்லை. அது ஆபத்துக்கு. ஷோலாப்பூர்ப் பக்கத்துப் பேர் ஏதாவது, வாயில் நுழையாத பேர் ஏதாவது வந்து நின்றால் அதற்கு. தினம் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் பாத்ரூமில் தாழ் போட்டுக்கொண்டு பட்டியலைத் திறப்பாள். புதுப் பேர் வந்திருக்கிறது என்று காட்டினால் அது திறக்கிற நேரத்துக்குள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிடுவாள், பொள்ளாச்சிக்காரர் யாரோ என்று தெரிந்தால் உயிர் வரும். "பாத்ரூமுக்குள்ள என்னதான் பண்ற?" என்று சென்னியப்பன் கதவைத் தட்டுவார். அவரிடம்கூடக் குப்பி மாற்றினதைச் சொல்லவில்லை. சொன்னால், அந்தப் பிள்ளைகிட்ட எல்லாத்தையும் சொல்லித் தொலைச்சிடலாம் என்பார். இருபது வருஷமாக அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சரி, இப்போது பார். பதறாதே. கனகமணி துப்பிவிட்டாள். வினோ பேரில் இருப்பது மேகலாவின் எச்சில். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மெஷின் என்ன சொல்லும்? அம்மா, மகள். முழுசாக, சந்தேகமே இல்லாமல். அப்படியென்றால் காரில் வந்துகொண்டிருக்கிறவள் என்ன நினைத்துக்கொண்டு வருகிறாள்? சித்திதான் என்னைப் பெற்றாள், குழந்தை இல்லாத அக்காவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று. நாகரத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதிலென்ன கேவலம்? ஊரில் நடக்காததா? அக்காவுக்கு இல்லை என்றால் தங்கச்சி ஒன்றைக் கொடுப்பாள், வீட்டுக்கு வீடு நடந்திருக்கிறது. ஆமாம் சாமி, நீ சித்தி பெற்ற பிள்ளைதான் என்று சொல்லிவிட்டால்? அப்போதும் ரத்தம் இந்த ரத்தம்தான், தாத்தா அந்தத் தாத்தாதான், அந்த நடை, அந்தக் கோபம் ஒன்றையும் திருப்பி வாங்க வேண்டியதில்லை. கனகமணியின் காலைப் பிடித்தாவது ஒத்துக்கொள்ள வைக்கலாம். மல்லித்தழையோடு வந்ததும் உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட வேண்டும். கார் வருவதற்குள் நேரம் இருக்கிறது. நெஞ்சு கொஞ்சம் லேசானது, மூச்சு ஒரு மாதிரி ஒழுங்காக வந்தது, எதிர்வீட்டு மிக்ஸி ஓடுகிற சத்தம்கூட இப்போதுதான் காதில் விழுந்தது. அப்படி லேசானதுக்காகவே தன்மேல் ஒரு அருவருப்பு வந்தது. போன மாதம் போனில் வினோ கேட்டாள், "நான் பொறக்கறப்ப எத்தன மணி நேரம்மா வலிச்சுது? டாக்டர் கேக்கறாங்க, அம்மாவுக்கு எப்படியோ மகளுக்கும் அப்படியே இருக்குமாம்." இவள் கூசாமல் ஒரு ராத்திரி பூரா என்றாள், ஷோலாப்பூரில் அன்றைக்கு மழை என்றாள். வராத மழையை எதற்குச் சேர்த்தேன்? சக்கரை இருக்கிற குடும்பம் என்று சொன்னதால் அங்கே அந்தப் பெண்ணுக்கு வாரம் தவறாமல் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். "விரலெல்லாம் வலிக்குதும்மா" என்றாள். இந்த விரல்தானே அன்றைக்கு விடாமல் பிடித்துக்கொண்டது.

ரெண்டா வாங்குனா வெல கம்மின்னு ரெண்டு வாங்குனாளாம். எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது இது. ரெண்டு. ஒன்று கனகமணிக்கு. இன்னொன்று? மாப்பிள்ளைக்கா? அவருக்கு இந்த வம்ச ஆராய்ச்சியெல்லாம் பிடிக்காது. அப்பாவுக்கு என்றால் இங்கே வந்திருக்கும். நாகரத்தினம் எழுந்து, தலை எதிலும் பட்டுவிடாமல் பாத்ரூமுக்குள் போய் அலமாரியிலிருந்து போனை எடுத்தாள். பழக்கதோஷம், தாழ்ப்பாளில் கை போயிற்று. பட்டியலைத் திறந்தாள். மேலே வினோ, அதாவது மேகலா. அவளுக்கும் மேலே கனகமணி இருக்க வேண்டும், உடன்பிறந்தவள், முதல் இடம் வேறு யாருக்கும் கிடையாது. இல்லை. யார் கண்ணிலும் படாதபடி பேரை மறைத்துவைக்க அதில் ஒரு பட்டன் உண்டு, தான் பார்த்த கையோடு வினோ கனகமணி பேரில் அதை அமுக்கியிருக்கிறாள். அம்மா தினம் பார்ப்பாள் என்று தெரிந்து அமுக்கியிருக்கிறாள். அப்படியென்றால் என்னையும் ஒருத்தி காவல் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்! கீழே தள்ளினாள், பச்சை, மஞ்சள், பச்சை, பச்சை, மஞ்சள். புதுப் பேர் ஒன்றுமில்லை. சிவப்புக்கு வேலையே இல்லை. அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டாவது குப்பியில் வினோ தானே துப்பியிருந்தால், அவளுடைய சொந்த எச்சில், அது இந்தப் பட்டியலில் எப்படி வரும்? சொந்தக்காரர்களைத்தானே இது காட்டும். மறைக்கிற பட்டனே தேவையில்லை. எத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாலும் வினோதினி இதில் வர மாட்டாள். இரண்டு வருஷமாகத் திருடன் வருகிற வழி என்று அவள் உட்கார்ந்திருந்தது எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு. கதவு முதுகுக்குப் பின்னால் திறந்தே கிடந்திருக்கிறது.

கையிலேயே போன் அடித்தது. வினோ. நாகரத்தினம் அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றுவிடும் போலிருந்தபோது காதில் வைத்தாள், ஓரத்தில் கறுப்பு ஒட்டிக்கொண்டது.

"அம்மா, வந்துட்டேன். வர்ற வழியில ஸ்வீட் கடையில நிக்கறேன். அப்பா கார்லயே உக்காந்திருக்காரு, நான் மட்டுந்தான் உள்ள வந்தேன்."

"பிளேன்ல தூங்குனியா கண்ணு?" என்றாள்.

"இல்லம்மா." தட்டுகள் மோதுகிற சத்தம், யாரோ கால் கிலோ கேட்கிற சத்தம். "மைசூர்பா சூடா போட்டுட்டிருக்காங்க. அப்பாவுக்கு வாங்கறேன். சித்திக்கும் உனக்கும் வேண்டாம், சக்கரை." அப்புறம் கேட்டாள். "எனக்கு வாங்கட்டுமாம்மா? நான் சாப்பிடலாமா?"

முப்பது வருஷமாக இதற்கு ஒரு பதில் வாயிலேயே உட்கார்ந்திருந்தது. வேண்டாம் சாமி, நம்ம குடும்பத்துல... இப்போதும் அது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, தானாக, கூப்பிடாமலே. சொல்லிவிடலாம். சொன்னால் இந்தப் பெண் சரிம்மா என்பாள், அன்றைக்கு இருக்கும்மா என்றாளே அதே மாதிரி. வீட்டுக்கு வருவாள், சாப்பிடுவாள், நாலு நாள் இருப்பாள், சிரிப்பாள், பிளேன் ஏறுவாள். அதற்கப்புறம் வர மாட்டாள். அது நாகரத்தினத்துக்கு நிச்சயமாகத் தெரிந்தது, எந்த எண்ணும் பார்க்காமல் தெரிந்தது. தலையில் டை எரிய ஆரம்பித்திருந்தது, நேரம் தாண்டிவிட்டது, கண்ணோரம் ஒரு சொட்டு இறங்கி உதட்டில் கசந்தது.

"சாப்பிடு சாமி," என்றாள். "உனக்கு ஒண்ணும் பண்ணாது. உனக்கு வராது. எப்பவுமே வராது."

கடைச் சத்தத்துக்கு நடுவில் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம், வினோவா, கடையில் வேறு யாராவதா, தெரியவில்லை. அப்புறம், போனுக்கு இல்லாமல், "இதுல அரைக் கிலோ போடுங்கண்ணா" என்றாள்.

"வினோ..."

"நீயே சொல்லுவியான்னுதாம்மா கேட்டேன்," என்றாள். "நேர்ல கேட்டிருந்தா உன் மொகத்தப் பாத்துட்டு விட்டிருப்பேன். மிச்சத்த வந்து பேசிக்கலாம். அப்பா ஹாரன் அடிக்கறாரு."

வைத்துவிட்டாள். மிச்சத்தை என்றால் எதை? எவ்வளவு மிச்சம்? அம்மா என்றுதான் சொன்னாள், ஆனால் வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவாள், நாக்குப் பழக்கம் அது, அதை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? கேட் திறந்தது, "அக்கா, இன்னுமா கழுவல? மண்டை வெந்துரும்!" என்று கனகமணி கத்தினாள். நாகரத்தினம் குழாயைத் திறந்து தலையைக் காட்டினாள். கறுப்பாக ஓடியது தண்ணீர், முகத்தில், கழுத்தில், தரையில், ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் தடவிப் போய்த் தாழ்ப்பாளை எடுத்துக் கதவை அகலத் திறந்து வைத்தாள். கார் வருகிற சத்தம் கேட்க வேண்டும்.